ஒரே பந்தி: நிபந்தனையற்ற அன்பும் கிறிஸ்தவ அடையாளமும்

தமிழ்த் திருச்சபைகளின் பிரசங்க மேடைகளில் இன்று அடிக்கடி கேட்கும் தொடர்களில் ஒன்று 'நிபந்தனையற்ற அன்பு'. நம் முன்னோர் வாசித்த தமிழ் வேதாகமத்தில் இத்தொடர் இல்லை. அங்கே கிருபை, தயவு, இரக்கம், இலவசம் என்ற சொற்கள் உண்டு. புதிய தொடர் இவ்வளவு பரவியதில் இருபதாம் நூற்றாண்டு உளவியலுக்குப் பெரும் பங்கு உண்டு. அன்பைப் பற்றி எரிக் ஃபிராம் 1956இல் வெளியிட்ட நூல் தாயன்பை இந்தச் சொல்லாலேயே விளக்கியது. அதே காலத்தில் கார்ல் ராஜர்ஸ், உதவி தேடி வருபவரை எந்த நிபந்தனையும் விதிக்காமல் மதித்து ஏற்பது மனநல ஆலோசகருக்கு இன்றியமையாதது என்று கற்பித்தார். சொல்லை இரவல் வாங்கியதில் தவறில்லை. ஆனால் இரவல் சொல் தன் பொருளையும் உடன் கொண்டுவரும். ஆலோசகர் தம்மிடம் வந்தவரை ஏற்கிறார். அவருக்குத் தம் குடும்பப் பெயரைச் சூட்டுவதில்லை, தம் வீட்டில் பங்கு கொடுப்பதில்லை, அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளைத் தருவதில்லை. கிருபை இவை அனைத்தையும் செய்கிறது. ஆகவே கடவுளின் நிபந்தனையற்ற அன்பைப் பற்றிப் பேசும் எந்தப் போதனையையும் அது எவ்வளவு இதமாக ஒலிக்கிறது என்பதைக் கொண்டு எடைபோட முடியாது. அது எனக்கு என்ன பெயர் தருகிறது, யாரோடு என்னைப் பந்தியில் உட்காரவைக்கிறது என்ற கேள்விகளே உரைகல். திருச்சபையின் மரபுகள் பலவற்றையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேதம் காட்டும் வரிசை

முதலில் மூலத்துக்குப் போவோம். லூக்கா 15ஆம் அதிகாரத்து இளைய மகன் தூரதேசத்தில் பன்றிகளின் நடுவே ஒரு விண்ணப்பத்தைத் தயாரிக்கிறான். அதற்கு மூன்று பகுதிகள்: பாவம் செய்தேன், மகன் என்று அழைக்கப்படத் தகுதியற்றவன், கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து தகப்பன் முன் நின்றபோது முதல் இரண்டைத்தான் அவன் சொல்கிறான். மூன்றாவது அவன் வாயிலிருந்து வருமுன் தகப்பன் வேலைக்காரரைப் பார்த்து அங்கியும் மோதிரமும் பாதரட்சையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். முன்பே ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டும் ஆயிற்று. அவனுடைய அறிக்கைக்குத் தடையில்லை. தன்னைக் கூலிக்காரனாகக் குறைத்துக்கொள்ளும் திட்டத்துக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. உழைத்துச் சம்பாதிக்கும் உறவாக மகன்மை மாறுவதைத் தகப்பன் அனுமதிக்கவில்லை என்பதே இந்தச் சிறு இடைவெளியின் பொருள். இதே வரிசை வேதம் முழுவதிலும் உண்டு. இஸ்ரவேல் திரளான ஜனம் என்பதால் தெரிந்துகொள்ளப்படவில்லை. கடவுள் அன்புகூர்ந்ததாலேயே தெரிந்துகொள்ளப்பட்டது என்கிறது உபாகமம் 7. யோர்தானில் இயேசுவை நேசகுமாரன் என்று அழைத்த குரல், அவர் ஒரு நோயாளியைக் கூடக் குணமாக்குவதற்கு முன் கேட்டது. அடுத்து வனாந்தரத்தில் வந்த சோதனை அந்தப் பெயரையே குறிவைத்தது: நீர் குமாரனானால் அதைச் செயலால் நிரூபித்துக் காட்டும் என்பதே சோதனைக்காரனின் வாதம். பெயர் முதலில் வருகிறது, செயல் பின்னால் வருகிறது. இந்த வரிசையைப் புரட்டிப்போடுவதே சோதனை.

பவுல் இதற்குச் சட்ட மொழியில் ஒரு சொல் கண்டார். தமிழ் வேதாகமம் அதைப் புத்திரசுவிகாரம் என்று அழகாக மொழிபெயர்த்தது. ரோமச் சட்டத்தில் சுவிகாரம் எடுக்கப்பட்டவர், பிறந்த பிள்ளையைப் போலவே முழு வாரிசு. ஆயினும் பவுலின் போதனை எந்தச் சூழலில் கூர்மை பெற்றது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். யாக்கோபிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகினார்; மற்ற யூதர்களும் விலகினார்கள், பர்னபாவும் இழுபட்டுப் போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை எதிர்த்து நின்றார். மனிதன் கிரியைகளால் நீதிமானாக்கப்படுவதில்லை, விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்ற புகழ்பெற்ற வாதம் அந்த நிருபத்தில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நீதிமானாக்கப்படுதல் என்னும் உபதேசம் ஒரு பந்தி விலக்கத்துக்குப் பதிலாகவே அங்கே எழுந்தது. யூதனும் கிரேக்கனும், அடிமையும் சுயாதீனனும், ஆணும் பெண்ணும் கிறிஸ்துவில் ஒன்று என அடுத்த அதிகாரம் சொல்வது அந்த வாதத்தின் முடிவுரை. பந்தியில் பிறந்த உபதேசத்தைப் பந்தியை விட்டுப் பிரித்துத் தனிமனித ஆறுதலாக மட்டும் வைத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

ஐந்து மரபுகள்

திருச்சபையின் மரபுகள் இந்த அன்பைப் பல கோணங்களில் பிடித்தன. மேற்கில் விவாதத்தைத் தொடங்கியது ஐந்தாம் நூற்றாண்டு. மனிதன் தன் முயற்சியால் நன்மையை நோக்கி நடக்க முடியும் என்ற பெலாகியுஸின் கருத்தை அகஸ்டின் எதிர்த்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுஸ் கட்சியைக் கண்டித்தது. பெலாகியுஸ் தீயவர் அல்லர். ஒழுக்கத்தில் தளர்ந்த சபையைக் கண்டு கவலைப்பட்டவர். ஆனால் அவருடைய வழியில் ஒருவரின் அடையாளம் அவருடைய சாதனைப் பட்டியலாகிவிடும் என்பதை அகஸ்டின் கண்டுகொண்டார். அதே கோட்டில் வந்த தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் நுட்பமான ஒரு வேறுபாட்டை முன்வைத்தார்: மனித அன்பு ஒரு பொருளில் உள்ள நன்மையால் தூண்டப்படுகிறது, கடவுளின் அன்போ அந்த நன்மையையே படைக்கிறது. 1518இல் ஹைடல்பர்க் விவாதத்தின் கடைசி இறையியல் வாக்கியத்தில் மார்ட்டின் லூதர் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் பிரிந்துபோன இரண்டு முகாம்களின் ஆசான்களும் அன்பின் ஊற்றைப் பற்றி ஒருமனப்பட்டிருந்தார்கள் என்பது பிரிவினைக் கூச்சலில் மறைந்துபோன உண்மை.

பிரிவு வேறொரு கேள்வியில் வந்தது: அந்த அன்பு மனிதனை என்ன செய்கிறது? கிறிஸ்துவின் நீதி நமக்கு எண்ணப்படுகிறது, விசுவாசி ஒரே சமயத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறார் என்றது லூதரின் மரபு. கிருபை உள்ளே ஊற்றப்பட்டு மனிதனை மெய்யாகவே புதுப்பிக்கிறது என 1547இல் திரெந்து சங்கம் வலியுறுத்தியது. லூதர் மரபின் பலம் நொறுங்கிய மனச்சாட்சிக்கு அது தரும் உறுதி; கத்தோலிக்க மரபின் பலம் அன்பு மனிதனை இருந்தபடியே விட்டுவிடாது என்ற நிச்சயம். சீர்திருத்தத் திருச்சபைகள் அடையாளத்தின் பக்கத்தைத் தெளிவாக்கின. 1563இல் வந்த ஹைடல்பர்க் வினாவிடை நூலின் முதல் கேள்வியே வாழ்விலும் சாவிலும் ஒருவருக்கு உள்ள ஆறுதலைப் பற்றியது. தான் தனக்குச் சொந்தமல்ல, கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்பதே அதற்கு விடையின் சாரம். 1640களில் லண்டனில் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை புத்திரசுவிகாரத்துக்கென்றே ஒரு தனி அதிகாரம் ஒதுக்கியது. ஆனால் 1618–19இல் டோர்ட் நகரில் கூடிய சங்கத்தின் வழியில் வந்தவர்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே இந்த அன்பு என்றபோது, ஜான் வெஸ்லி கிருபை எல்லாருக்கும் இலவசம் என்று எதிர்த்துப் பிரசங்கித்தார். கீழைத் திருச்சபைகளோ நான்காம் நூற்றாண்டின் அத்தனாசியுஸ் காலம் முதல் கடவுளின் வாழ்வில் மனிதன் பங்குபெறுவதைப் பற்றியே பேசின. நீதிமன்றத்தின் மொழி அங்கே குறைவு; குணமாக்குதலின் மொழி அதிகம்.

இந்த விவாதங்களை ஊன்றிப் பார்த்தால் 'நிபந்தனையற்ற' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் கிடப்பது தெரியும். ஒன்று, காரணமற்ற அன்பு: பெறுபவரிடம் உள்ள எந்தத் தகுதியையும் சார்ந்திராதது. மற்றொன்று, விலக்கற்ற அன்பு: எவரையும் வெளியே நிறுத்தாதது. டோர்ட் மரபு முதற்பொருளை உயிராகக் காத்தது; வெஸ்லி மரபு இரண்டாவதைக் காத்தது. என் வாதம், இரண்டும் பிரிக்க முடியாதவை என்பதே. ஒருவரிடம் உள்ள தகுதி அன்புக்குக் காரணமாகாது என்றால், இன்னொருவரிடம் உள்ள தகுதியின்மை அன்புக்குத் தடையாகவும் முடியாது. 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்லாமல் கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார், அப்படி ஏற்கும்போதே நம்மைப் புதுப்பிக்கவும் செய்கிறார் என்று இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டனர். மெதடிஸ்ட் உலகப் பேரவை 2006இலும், சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் அதில் இணைந்தன. நானூற்றைம்பது ஆண்டுகாலச் சண்டைக்குப் பிறகு வந்த பெரிய சமாதானம் இது. எனினும் கையெழுத்திட்ட கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இன்னும் ஒரே திருவிருந்தில் பங்குகொள்ள முடியாமல் இருக்கிறார்கள். உபதேசத்தில் கண்ட ஒற்றுமை பந்திக்கு வந்து சேரவில்லை. உரைகல் இங்கும் தன் வேலையைச் செய்கிறது.

இவ்விடத்தில் ஸ்வீடனின் இறையியலாளர் ஆந்தர்ஸ் நிக்ரனையும் குறிப்பிட வேண்டும். 1930களில் வெளிவந்த 'அகாபேயும் ஈரோசும்' என்ற நூலில், தேடிச் சென்று தன்னை நிறைத்துக்கொள்ளும் அன்பையும் தன்னையே கொடுக்கும் அன்பையும் அவர் எதிரெதிராக நிறுத்தினார். நம் பிரசங்கங்களில் கேட்கும் 'அகாப்பே அன்பு' பெரும்பாலும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறது. ஆனால் சொல்லே பொருளுக்கு உத்தரவாதம் தராது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு, அம்னோன் தாமார்மேல் கொண்ட கொடிய இச்சைக்கும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறது. மனிதர் இருளை விரும்பினார்கள் என்று யோவான் சொல்லுமிடத்திலும் இதே வேர்ச்சொல் உண்டு. கொடுக்கும் அன்பையும் ஏங்கும் அன்பையும் முற்றாகப் பிரித்துவிட முடியாது என்று போப் பதினாறாம் பெனடிக்ட் 2005இல் எழுதிய முதல் சுற்றுமடலில் வாதிட்டது சரியே. அன்புக்கு இலக்கணம் தேட அகராதியைப் புரட்டுவதைவிட சிலுவையையும் அது கூட்டிச் சேர்த்த மக்களையும் பார்ப்பது நல்லது.

தமிழ் மண்ணில் கிருபை

காரணமற்ற கிருபை பற்றிய விவாதம் கப்பலேறித் தமிழகத்துக்கு வந்ததன்று. இங்கே அதற்குத் தனி வரலாறு உண்டு. தாய்ப் பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவன் தூக்கிச் செல்கிறானா, குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் அடியவன் பற்றிக்கொள்ள வேண்டுமா என்று வைணவத்தின் தென்கலையும் வடகலையும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடின. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் இந்தியாவின் அருள்நெறியைக் கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டு நூல் எழுதியது இதனால்தான். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. காரணமற்ற கிருபையை வலியுறுத்திய பிள்ளை லோகாச்சாரியாரின் ஸ்ரீவசன பூஷணம், அடியார்களின் பிறப்பை ஆராய்வதைப் பெருங்குற்றமாகக் கண்டிக்கிறது. கிருபை காரணம் பார்ப்பதில்லை என்று நம்புகிறவர் எந்தச் சமயத்தவராயினும், ஒருநாள் பிறப்பென்னும் கேள்விக்கு முன் வந்து நின்றே ஆக வேண்டும்.

இந்தப் பக்திச் சூழலில் வளர்ந்த இருவர் தமிழ்க் கிறிஸ்தவத்துக்குத் தனிக்குரல் தந்தார்கள். வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஆங்கில எழுத்தாளர் பனியனின் மோட்சப் பயணக் கதையை 1894இல் இரட்சணிய யாத்திரிகமாகத் தமிழ்க் காப்பிய மரபில் படைத்தார். பாளையங்கோட்டையில் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி, 1927இல் கிறிஸ்தவத்தைப் பக்திமார்க்கமாக விளக்கி நூல் எழுதினார். பிதாவும் குமாரனும் ஒன்று என யோவான் நற்செய்தி சொல்வதை அவர் ஒன்றில் மற்றொன்று கரைந்துபோவதாகக் கொள்ளவில்லை. அன்பிலும் சித்தத்திலும் இசைந்த உறவாகக் கண்டார். கடவுளோடு சேர்ந்தாலும் நான் நானாகவே இருப்பேன், நேசிக்கப்படும் நானாக இருப்பேன் என்ற தெளிவு இதில் கிடைக்கிறது. கிறிஸ்தவ அடையாளத்தைப் பற்றித் தமிழ் மண் உலகத் திருச்சபைக்குத் தந்த நல்ல கொடை இது. பக்திமொழிக்கு ஓர் ஆபத்தும் உண்டு: ஆண்டவரும் நானும் என்ற இருவரோடு அது நின்றுவிடலாம். புத்திரசுவிகாரத்தில் இருவர் மட்டும் இருக்க முடியாது. தகப்பனைப் பெறுகிறவர் அதே நொடியில் உடன்பிறந்தாரையும் பெறுகிறார்.

அந்த உடன்பிறந்தாரை ஏற்பதில்தான் தமிழ்த் திருச்சபை மிகவும் தடுமாறியது. போப்பாண்டவரின் தூதராக வந்த துர்நோன் 1704இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, தாழ்த்தப்பட்ட சாதியாரில் நோயுற்றவர்களுக்கு அவர்கள் வீட்டுக்கே சென்று குருமார் திருவருட்சாதனம் வழங்க வேண்டும் என்று கட்டளையிட வேண்டியிருந்தது. வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரிக்க ஒரு சுவரே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டபோது விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. புராட்டஸ்டண்ட் சபைகளில் தனித்தனி இருக்கையும் திருவிருந்தில் முன்பின் வரிசையும் நிலவின. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதிப் பாகுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். கிருபையைப் பாடி நம்மை இன்றும் உருகவைக்கும் வேதநாயக சாஸ்திரியாரும் அக்கால இளம் மிஷனெரிகளின் சாதி ஒழிப்பு முயற்சிகளை எதிர்த்து எழுதினார். அவருடைய பக்தியைச் சந்தேகிக்க நான் துணியமாட்டேன். அவ்வளவு ஆழமான பக்தியும் பந்தியில் தடுக்கி விழ முடியும் என்பதே அவ்வரலாறு தரும் எச்சரிக்கை.

ஆகவே தலித் இறையியலை மைய உபதேசத்துக்கு வெளியே நிற்கும் சமூகக் கிளர்ச்சி என்று ஒதுக்குவது பெரும் பிழை. 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் தொடங்கிவைத்த அந்தச் சிந்தனை, உபாகமம் 26இல் இஸ்ரவேல் தன் வேர்களை அறிக்கையிடும் பகுதியைப் பற்றிக்கொண்டது. அலைந்து திரிந்தவன் மகன், ஒடுக்கப்பட்டவன், கூப்பிட்டபோது கேட்கப்பட்டவன் என்று ஒரு மக்கள் தங்களைக் கடவுள் முன் பெயரிட்டுக்கொள்கிறார்கள். ஊர் சூட்டிய பெயரைக் கழற்றிவிட்டுக் கடவுள் சூட்டிய பெயரை அணிவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அந்தியோகியாவில் பவுல் எழுப்பிய கேள்வியை இந்திய மண்ணில் தலித் இறையியலாளர்கள் மீண்டும் எழுப்பினார்கள்.

தடைகளும் விடைகளும்

நிபந்தனையற்ற அன்பைப் போதித்தால் ஒழுக்கம் தளரும் என்பது பழைய தடை. பவுலே ரோமர் 6இல் அதைச் சந்தித்தார். பாவத்துக்கு மரித்தவர் அதிலே எப்படி வாழ முடியும் என்பது அவர் பதில். தண்டனை பயத்தைக் காட்டாமல் பெற்ற அடையாளத்தையே அவர் நினைவூட்டினார். 1937இல் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் மலிவான கிருபையைக் கடிந்தெழுதியபோது கிருபையின் அளவைக் குறைக்கச் சொல்லவில்லை. சீடத்துவம் இல்லாமல் கிருபையை விற்பதையே எதிர்த்தார். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் மலிவானதல்ல. கொடுத்தவர் என்ன விலை செலுத்தினார் என்று அறிந்த பிள்ளை பரிசை வீசியெறிய மாட்டான்.

அடுத்த தடை வேதத்துக்குள்ளிருந்தே வருகிறது. கற்பனைகளைக் கைக்கொண்டால் என் அன்பில் நிலைத்திருப்பீர்கள் என்று யோவான் 15இல் இயேசு சொல்வது நிபந்தனை அல்லவா? வாக்கியம் எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். அதே அதிகாரம் சீடர்கள் அவரைத் தெரிந்துகொள்ளவில்லை, அவரே அவர்களைத் தெரிந்துகொண்டார் என்கிறது. அன்பு பிறப்பதற்கு நிபந்தனை இல்லை. அதில் தங்கியிருப்பதற்கு வழி உண்டு. தூரதேசத்தில் பன்றி மேய்த்தபோதும் இளையவன் மகன்தான். ஆனால் அங்கே இருந்துகொண்டே தகப்பன் வீட்டுச் சோற்றை உண்ண முடியவில்லை.

மூன்றாவது தடை இன்னும் கூர்மையானது. அடையாளம் முழுவதும் கடவுளிடமிருந்து வருவதென்றால், நான் ஒன்றுமில்லாதவன் என்று ஏற்கெனவே நம்பவைக்கப்பட்டவர்களை அது மேலும் நசுக்காதா? 1960இல் வேலரி சைவிங் என்ற அமெரிக்க அறிஞர், பாவத்தைப் பெருமையாக மட்டும் விளக்கும் இறையியல் ஆண்களின் அனுபவத்திலிருந்து எழுந்தது, தன்னையே இழந்துபோன பெண்ணுக்கு அது மருந்தாகாது என்று காட்டினார். இந்தத் தடையில் உண்மை உண்டு. தாழ்மையைப் பலவீனர்மேல் மட்டும் சுமத்திய பிரசங்கம் நம்மிடையே ஏராளம். ஆனால் அதற்கு மருந்தும் கிருபையின் போதனைக்குள்ளேயே இருக்கிறது. சம்பாதிக்காத பெயரை யாரும் பறிக்க முடியாது. உயர்த்திக்கொண்டவரை அது கீழே இறக்கி உட்காரவைக்கிறது, மிதிக்கப்பட்டவரை எழுப்பி உட்காரவைக்கிறது. இருவருக்கும் கிடைப்பது ஒரே வரிசையில் இடம். அதைப் பாதி மட்டும் போதிப்பதே பிழை.

இத்தனை மரபுகளையும் வரிசைப்படுத்தியபின் மீண்டும் லூக்காவின் கதைக்கே வர வேண்டியிருக்கிறது. வீட்டில் விருந்து நடக்கிறது. வெளியே மூத்த மகன் நிற்கிறான். இத்தனை வருஷம் அடிமைபோல் உழைத்தேன் என்று கணக்குச் சொல்கிறான். தம்பி கேட்க நினைத்த கூலிக்காரன் நிலையை இவன் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருந்தான் என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது. வந்தவனைத் தம்பி என்று அவன் அழைக்கவில்லை. தகப்பனைப் பார்த்து உம்முடைய மகன் என்கிறான். தகப்பனோ முதலில் அவனை மகனே என்று அழைத்து, பிறகு உன் சகோதரன் என்று அந்த உறவைத் திருப்பிக் கையில் கொடுக்கிறார். தன் மகன்மையை அவன் மீட்டெடுப்பதும் தம்பியைத் தம்பி என்று அழைப்பதும் ஒரே செயல். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. திருவிருந்துக்காக நாம் எழுந்து நடக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கேள்வி நம்மிடம் வருகிறது: பக்கத்தில் மண்டியிடுகிறவரை நாம் என்ன உறவு சொல்லி அழைக்கப்போகிறோம்?